மூழ்கும் வங்கியை அரசு காப்பாற்ற வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி. பதினான்கு மாதங்களுக்குள் மூன்று வங்கிகள். மூன்றையும் கையாண்டது ஒரே ரிசர்வ் வங்கிதான். ஆனால் பணம் போட்டவர்களும் பங்கு வாங்கியவர்களும் மூன்று இடத்திலும் மூன்று விதமாக நடத்தப்பட்டார்கள். வங்கிகளை மீட்பது சரியா தவறா என்று வாதிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

ஜவுளிக்கடை நஷ்டப்பட்டால் மூடிவிட்டுப் போகிறார்கள். வங்கிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

ஜவுளிக்கடை மூடினால் பக்கத்துக் கடைக்கு வியாபாரம் கூடும். ஒரு வங்கி மூடினால் பக்கத்து வங்கியின் வாசலிலும் வரிசை நிற்கும். அதுதான் வித்தியாசம்.

வங்கி நம்மிடம் வாங்கும் பணத்தை நாம் கேட்ட நிமிடம் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. அதே பணத்தை இருபது வருட வீட்டுக் கடனாகவும் ஆலைக் கடனாகவும் வெளியே விட்டிருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. நல்ல வங்கியாலும் முடியாது. அதனால் வதந்தி கிளம்பியதும் முதலில் ஓடுகிறவன்தான் புத்திசாலி. எல்லோரும் புத்திசாலிகள் ஆனால் வங்கி காலி.

இன்னொரு காரணம், வங்கிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. 2020 மார்ச் 5 அன்று மாலை, ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி, யெஸ் வங்கிக்கு மத்திய அரசு தடை போட்டது. கணக்கு வைத்திருந்தவர்கள் பணம் எடுக்க ரூ. 50,000 உச்சவரம்பு. மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்ற செலவு என்றால் மட்டும் அனுமதி பெற்று ரூ. 5 லட்சம் வரை எடுக்கலாம். சரி, அது கணக்கு வைத்திருந்தவர்களின் பாடு. ஆனால் அன்றிரவு போன்பே செயலியும் படுத்துவிட்டது, ஏனென்றால் அதன் பணப் பரிமாற்றம் யெஸ் வங்கி வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வங்கியின் பெயரையே கேள்விப்படாதவர்கள் டீக்கடையில் க்யூஆர் கோடைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னொரு வங்கியோடு அவசரமாக இணைந்த பிறகுதான் போன்பே மறுபடி ஓடியது.

மூட விட்டால்தான் என்ன? எங்காவது விட்டுப் பார்த்திருக்கிறார்களா?

நம் ஊரிலேயே விட்டிருக்கிறார்கள். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. வெள்ளைக்காரர் வங்கி என்பதால் அசையாது என்று நம்பி, பென்ஷன்காரர்கள் முதல் ஜமீன்தார்கள் வரை அதில் பணம் போட்டிருந்தார்கள். காப்பாற்ற யாரும் வரவில்லை. அந்த ஆத்திரத்திலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது, பீதி மற்ற சிறு வங்கிகளுக்கும் பரவியது. டெபாசிட் காப்பீடு அதற்குப் பிறகுதான் வந்தது. 1962 ஜனவரி 1 முதல், ஒரு ஆளுக்கு ரூ. 1,500 வரை. ஒரு வங்கியை முடக்கி இன்னொன்றோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரமும் ரிசர்வ் வங்கிக்கும் அரசுக்கும் அப்போது வந்ததுதான். அறுபது வருடம் கழித்து யெஸ் வங்கியிலும் லட்சுமி விலாஸிலும் எடுத்தது அதே சட்டப் பிரிவைத்தான்.

உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி, 2008 செப்டம்பர் 15. ‘அமெரிக்கா லேமனைக் கைவிட்டதால் உலகமே கவிழ்ந்தது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். முன்னும் பின்னும் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அதே ஆண்டு மார்ச்சில் பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற இன்னொரு முதலீட்டு வங்கி தள்ளாடியபோது, அதை ஜேபி மார்கன் வங்கி வாங்கிக்கொள்ள அமெரிக்க மத்திய வங்கியே பணம் கொடுத்து உதவியது. செப்டம்பரில் லேமனுக்குக் கை விரித்தார்கள். மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர். ஒன்றுக்கு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை, மூன்றாவதுக்கு மறுபடி உண்டு! அடுத்தது எது பிழைக்கும் என்று யாருக்கும் தெரியாதபோது, யாரும் யாருக்கும் கடன் தரமாட்டார்கள். லேமன் விழுந்ததைவிட இந்தக் குழப்பம்தான் அதிக சேதம் செய்தது என்பது என் எண்ணம்.

ஆக, காப்பாற்ற வேண்டும் என்கிறீர்களா?

எதை, யாரை என்று பிரித்துக் கேளுங்கள். டெபாசிட்டைக் காப்பாற்ற வேண்டும். சம்பளம் போடுவது, காசோலை மாறுவது, கடன் வசூலிப்பது ஆகிய வேலைகள் நிற்காமல் பார்க்க வேண்டும். பங்கு வைத்திருந்தவர்களையும் வங்கியை அந்த நிலைக்குக் கொண்டுவந்த நிர்வாகத்தையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

நஷ்டத்தைத் தாங்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பங்குதாரர். அவர் லாபத்துக்காக ரிஸ்க் எடுத்தவர். அடுத்து, அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு வங்கியின் மூலதனப் பத்திரம் வாங்கியவர். அப்புறம் வங்கிக்குக் கடன் கொடுத்த மற்றவர்கள். கடைசியில்தான் டெபாசிட் போட்டவர். இந்த வரிசை புத்தகத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. நெருக்கடி வந்த இரவில்தான் கலைந்துவிடுகிறது.

லட்சுமி விலாஸ் பங்குதாரர்களுக்கு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. யெஸ் வங்கிப் பங்குதாரர்கள் மட்டும் தப்பித்தது எப்படி?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

லட்சுமி விலாஸ் 1926-இல் கரூரில் ராமலிங்கச் செட்டியாரும் வேறு சில வணிகர்களும் சேர்ந்து தொடங்கியது. உள்ளூர் வியாபாரிகளுக்கும் ஜவுளிக்காரர்களுக்கும் கடன் கொடுத்தே பல பத்தாண்டுகள் நன்றாக ஓடியது. பிறகு பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய கடன் என்று கிளம்பியபோதுதான் சறுக்கியது. 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துவிட்டது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங்கோடு இணைய அனுமதி கேட்டார்கள், அடுத்த மாதமே மறுப்பு வந்தது. 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமைச் செயல் அதிகாரி உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். அதற்குள் கொடுத்த கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாராக்கடன். மூலதனம் பூஜ்யத்துக்கும் கீழே.

நவம்பர் 17 மாலை தடை வந்தது. உச்சவரம்பு ரூ. 25,000. அன்றே, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கும் வரைவுத் திட்டமும் வந்தது. நவம்பர் 27-இல் இணைப்பு முடிந்தது. பணம் போட்டவர்கள் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. பத்தே நாளில் கணக்கு பழையபடி ஓடியது. டிபிஎஸ் ரூ. 2,500 கோடி மூலதனம் கொண்டுவந்தது. பங்குகளின் மதிப்பு பூஜ்யமாக எழுதப்பட்டது. தாத்தா வாங்கியது, அப்பா பெயரில் இருந்தது என்று தலைமுறையாகப் பத்திரம் வைத்திருந்த கரூர்க் குடும்பங்களுக்கும் அதே பூஜ்யம்தான்.

யெஸ் வங்கியில் ஸ்டேட் வங்கி ரூ. 6,050 கோடி போட்டது. ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஆக்சிஸ், கோட்டக் உட்பட ஏழு தனியார் நிதி நிறுவனங்கள் மீதியைப் போட, மொத்தம் ரூ. 10,000 கோடி சேர்ந்தது. ஒரு பங்கு ரூ. 10 வீதம் புதிய பங்குகள். பழைய பங்குதாரர்களின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதில் முக்கால்வாசியை மூன்று ஆண்டு விற்க முடியாது. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை.

ஒரே ஆண்டு, ஒரே சட்டப் பிரிவு. ஒன்று மறுசீரமைப்பு, இன்னொன்று இணைப்பு, அதனால் முடிவு வேறு என்பது அதிகாரிகள் சொல்லும் விளக்கம். அதில் தவறில்லை. ஆனால் எந்த வங்கிக்கு எந்த வழி என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்? லட்சுமி விலாஸை வாங்க வேறு யாராவது கூடுதலாகத் தர முன்வருவார்களா என்று வெளிப்படையாக ஏலம் விட்டுப் பார்க்கவில்லையே, ஏன்? பங்குதாரருக்கு பூஜ்யம் என்பதை நான் எதிர்க்கவில்லை. பெரிய வங்கிக்கு ஒரு நியாயம், கரூர் வங்கிக்கு ஒரு நியாயம் என்று தோன்றும்படி செய்ததைத்தான் எதிர்க்கிறேன்.

யெஸ் வங்கியில் பங்குதாரர் தப்பினார், பத்திரம் வாங்கியவர் மாட்டினார் என்கிறார்களே?

உண்மைதான். மேலே சொன்ன வரிசை அங்கே தலைகீழானது. ‘ஏடி-1’ என்று சொல்லப்படும் மூலதனப் பத்திரங்கள், ரூ. 8,415 கோடி, முழுக்க அழிக்கப்பட்டன. அவற்றுக்கு முன்னால் அழிய வேண்டிய பங்குகள் உயிரோடு இருந்தன. பெரிய நிதி நிறுவனங்கள் மட்டும் வாங்கியிருந்தால் போகட்டும் என்று விடலாம். கிளையில் டெபாசிட் வைத்திருந்த சிலருக்கும் இதை ‘சூப்பர் எஃப்டி’ என்று சொல்லி விற்றதாகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021-இல் கண்டறிந்து, வங்கிக்கு ரூ. 25 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதற்குத் தடை கொடுத்தது. பத்திரங்களை அழித்தது செல்லாது என்று 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதையும் நிறுத்திவைத்தது.

2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்திலும் இதே கதை நடந்தது. கிரெடிட் சுவிஸை யுபிஎஸ் 300 கோடி பிராங்குக்கு வாங்கியது. பங்குதாரருக்கு ஏதோ கிடைத்தது, ஏறத்தாழ 1,600 கோடி பிராங்க் ஏடி-1 பத்திரங்கள் காலி. எனவே இதை நம் ஊர் வியாதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இதிலெல்லாம் நம் வரிப்பணம் எங்கே வருகிறது?

அரசு பட்ஜெட்டில் ‘வங்கி மீட்பு: இத்தனை கோடி’ என்று ஒரு வரி எழுதினால் எதிர்க்கட்சி கேள்வி கேட்கும். நம் நாட்டில் அதனால்தான் பெரும்பாலும் பின்வாசல்.

யெஸ் வங்கிக்குப் பணம் போட்டது ஸ்டேட் வங்கி. அதில் பாதிக்கு மேல் அரசின் பங்கு. கடனில் தத்தளித்த ஐடிபிஐ வங்கியை 2019 ஜனவரியில் எடுத்துக்கொண்டது எல்ஐசி. 51 சதவீதப் பங்குக்கு ஏறத்தாழ ரூ. 21,600 கோடி. அது பாலிசி போட்டவர்களின் பணம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பொதுத்துறை வங்கிகளுக்கு 2017 அக்டோபரில் ரூ. 2.11 லட்சம் கோடித் திட்டம் அறிவித்தார்கள். அதில் ரூ. 1.35 லட்சம் கோடி மறுமூலதனப் பத்திரம். அது நடக்கும் விதம் வேடிக்கையானது. அரசு பத்திரம் வெளியிடும். வங்கி தன்னிடமுள்ள பணத்தைக் கொடுத்து அந்தப் பத்திரத்தை வாங்கும். அரசு அதே பணத்தை மூலதனமாக வங்கிக்கே திருப்பிக் கொடுக்கும். ரொக்கம் ஒரு சுற்று சுற்றி வந்த இடத்துக்கே போய்விடும். ஆனால் வருடா வருடம் அந்தப் பத்திரத்துக்கு வட்டி கட்டுவது அரசு, அதாவது நாம்.

இதைச் செய்திருக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். செய்யாவிட்டால் கடன் கொடுப்பதே நின்றிருக்கும். கணக்கை முன்வாசல் வழியாகக் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மீட்புப் பணம் லாபத்தோடு திரும்பி வந்ததாமே?

வங்கிகளுக்குக் கொடுத்த பகுதி வந்தது. 2008 அக்டோபரில் நாடாளுமன்றம் அனுமதித்தது 70,000 கோடி டாலர். முதல் தடவை மசோதா 228-205 என்று தோற்று, அன்றே பங்குச்சந்தையின் டௌ குறியீடு 777 புள்ளி சரிந்த பிறகுதான் நிறைவேறியது. அதில் வங்கிகளுக்குப் போனது சுமார் 24,500 கோடி. வட்டியும் பங்கு லாபமுமாகத் திரும்பியது அதைவிட ஏறத்தாழ 3,000 கோடி அதிகம்.

நமக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ரூ. 10-க்கு வாங்கிய யெஸ் வங்கிப் பங்கில் ஒரு பகுதியை ஸ்டேட் வங்கி 2025-இல் ஜப்பானின் சுமிடோமோ மிட்சுய் வங்கிக்கு ரூ. 21.50-க்கு விற்றது.

ஆனால் லாபம் வந்தது என்பதால் மீட்பு நியாயம் ஆகிவிடாது. 2009 மார்ச்சில், அரசு பணத்தில் உயிர் பிழைத்த ஏஐஜி, தன்னைக் கவிழ்த்த பிரிவின் ஊழியர்களுக்கே 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. அதே காலத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தெருவுக்கு வந்தன. பணம் கொடுப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய நிபந்தனையைக் கொடுத்த பிறகு போட முடியவில்லை. லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கு என்ற பழக்கம் இப்படித்தான் ஊறுகிறது.

ஐஸ்லாந்து வங்கிகளைக் கைவிட்டுத்தானே பிழைத்தது?

அது பாதிக் கதை. 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அவற்றின் சொத்து அந்த நாட்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. காப்பாற்ற நினைத்தாலும் முடிந்திருக்காது. உள்நாட்டு டெபாசிட்டுகளைப் புதிய வங்கிகளுக்கு மாற்றி முழுக்கக் காப்பாற்றினார்கள். கைவிட்டது அந்த வங்கிகளுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டவர்களை. நாணய மதிப்பு ஏறக்குறைய பாதியாகி, மக்கள் விலைவாசியில் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

எதிர்முனையில் அயர்லாந்து. 2008 செப்டம்பர் கடைசியில், ஒரே இரவில், தன் வங்கிகளின் டெபாசிட்டோடு கடன் பத்திரங்களுக்கும் சேர்த்து அரசு உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளுக்குள் கொட்டியது கடைசியில் சுமார் 6,400 கோடி யூரோ. இரண்டே வருடத்தில் நாடே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்பிடமும் கடனுக்குப் போய் நின்றது. டெபாசிட்டை மட்டும் காத்துவிட்டு, பத்திரக்காரர்களை ‘உங்கள் பாடு’ என்று விட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

கூட்டுறவு வங்கிக்காரர்களை யார் காப்பாற்றுவார்கள்?

கடைசியாகத்தான் காப்பாற்றுவார்கள். பிஎம்சி வங்கி கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கு மேல் எச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,049 போலிக் கணக்குகள். தடை வந்த நாளில் உச்சவரம்பு ரூ. 1,000. ஆயிரம் ரூபாய், அதுவும் ஆறு மாதத்துக்கு! பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைத்து, ரூ. 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு மீதியைத் தவணை தவணையாக, பத்து வருடம் வரை இழுத்தார்கள். யெஸ் வங்கிக்காரர்கள் 13 நாளில் விடுபட்டார்கள். பிஎம்சியில் ஓய்வூதியப் பணம் போட்டவர் இரண்டு வருடத்துக்கு மேல் ரிசர்வ் வங்கி வாசலில் பதாகை பிடித்தார். தப்பு செய்தது நிர்வாகம், தண்டனை பணம் போட்டவருக்கு.

2017-இல் ‘டெபாசிட்டை அரசு எடுத்துக்கொள்ளும்’ என்று ஒரு மசோதா வந்ததே?

எஃப்ஆர்டிஐ மசோதா. நிதி நிறுவனம் விழுந்தால் யார் எந்த வரிசையில் நஷ்டப்பட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வந்தது. அதில் ஒரு பிரிவு, வங்கியின் கடன்களை ரத்து செய்யவோ பங்காக மாற்றவோ வழி வைத்திருந்தது. காப்பீட்டுக்கு மேற்பட்ட டெபாசிட்டும் அதில் சிக்கலாம் என்று வாட்ஸ்அப் முழுக்கப் பயம். பணமதிப்பு நீக்கம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பயந்ததில் தப்பே இல்லை. 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

அந்தப் பிரிவை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. மொத்தமாகத் தூக்கிப் போட்டதால், அடுத்து விழுந்த மூன்று வங்கிகளுக்கும் ஒவ்வொரு ராத்திரியிலும் புதிதாக ஒரு திட்டம் எழுத வேண்டியிருந்தது.

நிர்வாகிகள் ஜெயிலுக்குப் போவார்களா?

அர்பத்நாட் கம்பெனியின் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில், ஒரு வெள்ளைக்காரருக்கு. ஐஸ்லாந்தும் தன் பெரிய வங்கியாளர்கள் பலரை உள்ளே தள்ளியது. 2008-க்காக அமெரிக்காவில் பெரிய வங்கித் தலைவர் எவரும் சிறை போகவில்லை.

பொதுத்துறை வங்கியில் போட்டால் கவலையே வேண்டாமா?

டெபாசிட்டைப் பொறுத்தவரை இதுவரை எந்த அரசுடைமை வங்கியும் கைவிட்டதில்லை. அதன் நஷ்டத்தை நீங்கள் வரியாகக் கட்டுவீர்கள், அவ்வளவுதான்.

என் பணத்துக்கு எவ்வளவு காப்பீடு?

ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ. 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து. 1993 முதல் ரூ. 1 லட்சமாகவே கிடந்தது, பிஎம்சிக்குப் பிறகு 2020 பிப்ரவரி 4-இல்தான் கூட்டினார்கள். ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே கணக்குதான். வேறு வேறு வங்கியில் போட்டால் தனித்தனி. உங்கள் பெயரில் ஒன்று, மனைவியோடு கூட்டாக ஒன்று என்றால் அவை தனித்தனியாகக் கருதப்படும். பிரீமியத்தை வங்கிதான் கட்ட வேண்டும், உங்களிடம் பிடிக்கக் கூடாது. 2021-இல் வந்த திருத்தத்தால், வங்கி முடக்கப்பட்டாலே 90 நாளுக்குள் இந்தத் தொகை கைக்கு வர வேண்டும். உரிமம் ரத்தாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சேமிப்பு, நடப்பு, நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு எல்லாம் இதில் அடங்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட பணம், சீட்டுப் பணம், ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்ட டெபாசிட் எதுவும் அடங்காது. வங்கிக் கிளையில் உட்காரவைத்து, எஃப்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக வட்டி வரும் என்று ஒரு பத்திரத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் ‘இதற்கு டெபாசிட் காப்பீடு உண்டா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.